உடை மாற்றும் அறையில் எடுத்த முடிவு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் யானைக்குத் தைத்த சட்டைதான் கிடைத்தது. அறுவை அரங்குக்குள் போடும் பச்சை உடையில் சின்ன அளவு என்று ஒன்று உண்டு என்பதே துணிக்கிடங்குக்காரருக்குத் தெரியாது. கழுத்தில் ஊக்கு குத்திக்கொண்டு மூன்று அறுவை முடித்தேன்.

எங்கள் அரங்கத்துக்கு முன்னால் உடை மாற்ற இரண்டு அறைகள். ஒரு கதவில் ‘மருத்துவர்கள்’. இன்னொன்றில் ‘செவிலியர்கள்’. முதல் அறையில் சோபா, காபி இயந்திரம், ஆளுக்கொரு அலமாரி. இரண்டாவதில் கால் ஆடும் ஒரு பெஞ்சு, சுவரில் கொக்கிகள். நான் அறுவை மருத்துவர்தான், ஆனால் பெண். இங்கே சேர்ந்து ஒன்பது வருடம். என் துணி இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது. செவிலியர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இருப்பதிலேயே நல்ல கொக்கியை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

சோபா இல்லையே என்று எனக்கு அழுகை இல்லை. அந்த சோபாவில் என்ன நடக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். எந்த நோயாளிக்கு என்ன அறுவை, யார் செய்வது, எப்படிச் செய்வது — எல்லாம் காலையில் அங்கே பேண்ட் மாற்றும்போதே முடிவாகிவிடுகிறது. வெளியே வந்து, “பேசிட்டோம்மா” என்பார் பெரியவர். எங்கள் துறைத் தலைவரைத்தான் சொல்கிறேன். கைராசிக்காரர், மறுக்க மாட்டேன். காதுதான் கொஞ்சம் மந்தம், அதுவும் பெண் குரலுக்கு மட்டும்.

மார்ச் 6, வியாழன்

பேருந்து நிலைய அறிவிப்பாளர் ஒருத்தி வந்திருந்தாள். கழுத்தின் வலது பக்கம் தைராய்டில் ஒரு கட்டி. ஊசிப் பரிசோதனையில் தெளிவாக ஒன்றும் வரவில்லை — புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கட்டி இருக்கிற பாதியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். முழுசாகவும் எடுக்கலாம். முழுசாக எடுத்தால் ஆயுசுக்கும் மாத்திரை, குரல் நரம்பு இரண்டு பக்கமும் ஆபத்தில். இரண்டு வழியும் தப்பில்லை. அவள்தான் சொல்ல வேண்டும்.

“என் குரலைத் திட்டாத ஆளே இல்ல டாக்டர். பஸ் லேட்டுன்னு சொல்றது நான்தானே” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழுத்தைத் தடவினாள். “பாதி மட்டும் எடுங்க. மோசம்னு வந்தா மறுபடி படுத்துக்கறேன். குரல் போச்சுன்னா எனக்குச் சோறு இல்ல.”

பாதிதான் என்று வாக்குக் கொடுத்தேன். நானே செய்கிறேன் என்றும்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டிலும் இதே கதைதான். அத்தைக்கு, என் மாமியாருக்கு, கண்புரை. இவரும் இவர் தம்பியும் போனில் பேசி முடித்துவிட்டார்கள்: அறுவை அடுத்த மாதம், நான் ஒரு வாரம் லீவு போட்டுப் பார்த்துக்கொள்வது. தோசைக்கரண்டியும் கையுமாக நின்றுகொண்டு கேட்டேன், யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?

“இதுல கேக்க என்ன இருக்கு? நீ டாக்டர்தானே?”

நான் கழுத்து வெட்டுகிற டாக்டர் என்றேன். இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை ஹாலில் இருந்தபடியே, “என்னைக்கூடத்தான் கேக்கல. கண்ணு என்னோடது” என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானும் அத்தையும் ஒரே கட்சியில் நின்றது இன்றுதான்.

மார்ச் 13, வியாழன்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

இன்று அறிவிப்பாளருக்கு அறுவை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனால், நான் நிற்க வேண்டிய இடத்தில் சுருள்முடி நிற்கிறான். எனக்கு மூன்று வருடம் பிந்திச் சேர்ந்த அறுவை மருத்துவன், முடியைப் பார்த்து நான் வைத்த பெயர். கெட்டவன் இல்லை, சோபாவில் இடம் கிடைத்தவன், அவ்வளவுதான்.

“முழுசா எடுத்துடலாம்னு முடிவு பண்ணியாச்சு மேடம். என்னைப் பண்ணச் சொல்லிட்டார் சார்.”

“யாரு முடிவு பண்ணினது?”

“காலைல பேசினோமே.”

“யாரோட? எங்க?”

முழித்தான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நல்லவேளை, அறிவிப்பாளர் இன்னும் தூங்கவில்லை. மயக்க மருத்துவர் — எல்லோருக்கும் மயக்கம் அக்கா — ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய், “ஒரு நிமிஷம் அக்கா” என்றேன். படுத்திருந்தவளிடம் குனிந்து இரண்டு வழியையும் மறுபடி சொன்னேன். முழுசாக எடுப்பதுதான் நல்லது என்று பெரியவர் நினைக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“அன்னைக்கே பாதின்னு சொல்லிட்டேனே டாக்டர்” என்றாள். “நடுவுல யாரு மாத்தினது?”

என்ன பதில் சொல்வேன்? பேண்ட் மாற்றும்போது உன் கழுத்தையும் மாற்றிவிட்டார்கள் என்றா?

பெரியவர் வந்தார். “படுத்திருக்கிற பேஷன்ட்டைப் போய்க் குழப்பறியேம்மா. சரி, நீயே பண்ணு. நாளைக்கு ஏதாவதுன்னா நீதான் பதில் சொல்லணும்.”

செய்தேன். பாதி மட்டும். குரல் நரம்பு வெள்ளை நூல் மாதிரி, ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது.

மார்ச் 14

குரல் வந்துவிட்டது. கொஞ்சம் கரகரப்பு. முதல் வார்த்தை: “பசிக்குது.”

மார்ச் 20, வியாழன்

இந்த வாரம் எனக்கு வந்தவை: சீழ்க்கட்டி, கால் நகம், மறுபடி சீழ்க்கட்டி. பெரிய அறுவை ஒன்றுகூட இல்லை. கேட்டால், “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா. ரொம்ப உணர்ச்சிவசப்படறே” என்கிறார்.

போன மாதம் இதே பெரியவர் ஒரு கத்தரிக்கோலைச் சுவரில் விட்டெறிந்தார். அதற்குப் பெயர் கண்டிப்பு.

செவிலியர் அறைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருபாடு அழுதேன். மயக்கம் அக்கா பக்கத்துக் கொக்கியில் புடவையை மாட்டிக்கொண்டே, “விடும்மா. நான் பழகிக்கலயா?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பழகினதாலதான் இன்னும் கொக்கில தொங்கறோம் அக்கா” என்று சொல்லிவிட்டேன். இத்தனை மூத்தவரிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ? சொன்னது பொய்யில்லையே.

மார்ச் 24, திங்கள்

பரிசோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. எடுத்த பாதியே போதும். அறிவிப்பாளருக்குப் போன் செய்தேன், அந்தப் பக்கம் ஒரே அழுகை. பெரியவரிடம் காட்டினேன். “அதிர்ஷ்டம்” என்றார்.

அவர் கணக்கு சரியாக வந்தால் அனுபவம். என்னுடையது சரியாக வந்தால் அதிர்ஷ்டம். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

மார்ச் 26, புதன்

இன்று உள்ளே போனேன்.

நாளைக்கு ஒரு குடல் அறுவை. நோயாளி என்னுடையவர், முதல் நாளிலிருந்து பார்ப்பவள் நான். காலையில் கதவுக்கு அந்தப் பக்கம் அவரைப் பற்றிப் பேசுகிற சத்தம் தெளிவாகக் கேட்கிறது. நடுநடுவே சிரிப்பு. கதவில் ‘மருத்துவர்கள்’ என்றுதானே எழுதியிருக்கிறது? தட்டினேன். “வாங்க, வாங்க” என்று குரல். டிபன் கொண்டுவரும் ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

பெரியவரின் ஒரு கால்தான் பேண்ட்டுக்குள் இருந்தது. சுருள்முடி துண்டோடு அலமாரிக் கதவுக்குப் பின்னால் பாய்ந்தான். யாரோ, “ஐயோ!” என்றார்கள். நான் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். சுவரைப் பார்த்தபடியே நோயாளியின் வயது, ஸ்கேன், இரத்த அளவு, என் திட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். “இதுல யாருக்காவது வேற கருத்து இருக்கா?” என்று சுவரிடம் கேட்டேன். அது ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்துவிட்டேன்.



மார்ச் 27, வியாழன்

விளக்கம் கேட்டுக் கடிதம். ‘பெண்மைக்குப் பொருந்தாத நடத்தை.’ அப்படியே எழுதியிருக்கிறார்கள்! குடல் அறுவையும் சுருள்முடிக்குப் போய்விட்டது.

இவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். “ஆம்பளைங்க ரூமுக்குள்ள போனியாமே?”

“டாக்டருங்க ரூமுக்குள்ள போனேன்.”

“வேலை போச்சுன்னா?”

போனால்? எனக்கும் பயம்தான். சாப்பாடு இறங்கவில்லை. அத்தை மட்டும் தட்டைப் பக்கத்தில் நகர்த்திவைத்து, “நல்லா பண்ணினே, சாப்பிடு” என்றார். இவர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அத்தைக்குத்தான் கண் சரியாகத் தெரியாதே, கண்டுகொள்ளவே இல்லை.

மார்ச் 31, திங்கள்

விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மருத்துவமனை நிர்வாகியும் பெரியவரும். இந்தப் பக்கம் நான். பேசிப் பேசிச் சுற்றி, கடைசியில் மயக்கம் அக்காவைக் கூப்பிட்டார்கள். எனக்கு எதிராகச் சொல்வதற்குத்தான். எனக்கும் அதில் சந்தேகமில்லை, அன்று அவரிடம் வாயை விட்டிருந்தேனே.

“நீங்க மூத்தவங்க. ஒரு பொண்ணா நீங்களே சொல்லுங்க, இவங்க பண்ணினது முறையா?” என்றார் நிர்வாகி.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “முறை இல்லதான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளே அந்தக் கதவைத் தட்டியிருக்கணும். தட்டல. அது முறை இல்ல.”

பெரியவர், “என்னம்மா இது” என்று ஆரம்பித்தார்.

“இருங்க சார், நான் முடிக்கல. அன்னைக்கு ஊசி என் கையில இருந்துச்சு. இவ ஓடி வரலன்னா, பாதின்னு நம்பித் தூங்கினவ, முழுசையும் பறிகொடுத்துட்டு எழுந்திருப்பா. தூங்கவச்ச கை என்னோடது. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இனிமே என் முன்னாடி, இவ முன்னாடி, நர்ஸ் முன்னாடி பேசாத எந்தக் கேஸுக்கும் நான் மயக்கம் கொடுக்க மாட்டேன். நீங்க அந்த ரூம்ல என்ன வேணா பேசுங்க. முழிச்சிருக்கிற ஆளை வெட்டிக்குங்க.”

நிர்வாகி தண்ணீர் குடித்தார். பெரியவரும் தண்ணீர் குடித்தார். எனக்குத்தான் யாரும் தண்ணீர் வைக்கவில்லை.

வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “கொக்கின்னு சொன்னியே, அது உறுத்திக்கிட்டே இருந்துச்சுடி” என்றார்.

ஏப்ரல் 2

இரண்டு நாளாக அறுவை இல்லை. அக்கா ஊசி, மருந்து எல்லாம் தயாராக எடுத்துவைத்துவிட்டு, யாராவது வந்து பேசட்டும் என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் குறுக்கெழுத்துப் புதிர்.

ஏப்ரல் 3

கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில், நடைபாதையில், அன்றன்றைய அறுவையை எல்லோர் முன்னாலும் எழுதிப் பேச ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் கேட்ட விளக்கத்தைப் பற்றியும் பேச்சில்லை. மன்னிப்பா? அதெல்லாம் எதிர்பார்த்தால் நான்தான் முட்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் பலகை முன்னால் எல்லோரும் நின்றோம். பெரியவர் முதல் ஆளாக, இரண்டு காலும் பேண்ட்டுக்குள் இருக்க, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்து நின்றார். இன்றைய அறுவை கணையம், நான்தான் செய்கிறேன். நான் சொல்லச் சொல்ல அக்கா இடையில் கேள்வி கேட்டார். எந்த நூல் தீர்ந்துவிட்டது என்று செவிலியர் சொன்னார், அதனால் தையலையே மாற்றினோம். பெரியவர் ஒரு இடத்தில் என்னைத் திருத்தினார். சரியான திருத்தம். ஏற்றுக்கொண்டேன்.

பேசி முடித்து, பலகையை அழித்துவிட்டுக் கலையும்போது ‘மருத்துவர்கள்’ கதவு திறந்தது. ஒரு கையில் காபி, பொத்தான் மாறிப் போட்ட சட்டை. சுருள்முடி ஓடி வந்தான்.

“என்ன மேடம், நான் இல்லாமயே முடிவு பண்ணிட்டீங்களா? எங்கிட்ட யாரும் சொல்லல!”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

“பேசிட்டோம்ப்பா” என்றேன்.

செவிலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவன் முகம் விழுந்துவிட்டது. நன்றாகத் தெரிந்த முகம் அது. ஒன்பது வருடமாக அந்தச் செவிலியர் அறைக் கண்ணாடியில் தினமும் பார்த்தது.

“சரி, காபியைக் கீழே வைங்க, வாங்க” என்றேன். பலகையில் அழித்ததை மறுபடி எழுதி, முதலிலிருந்து சொன்னேன்.