சுவிட்சுக்கு மேல் ஒட்டிய சீட்டு

பிப்ரவரி 3
போர் எங்கோ நடந்தது, விலை இங்கே ஏறியது. மின்சாரம் தயாரிக்கும் கம்பெனிக்குச் செலவு ஒரு காசு கூடவில்லை. அணை பழையது, ஓடுகிற தண்ணீர் இலவசம். ஆனாலும் எங்களிடம் இரட்டை விலை வாங்கினார்கள். லாபம் மூன்று மடங்கு. இதுதான் நடந்த அநியாயம். ஐந்தாவதோடு நின்று, கடைசல் பட்டறையிலேயே காலம் தள்ளியவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களுடைய ஆண்டறிக்கையைப் படித்துத்தான் கண்டுபிடித்தேன்.

பிப்ரவரி 9
வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலும் சீட்டு ஒட்டினேன்: "தேவையா? இல்லையென்றால் அணை." அவர்களிடம் ஒரு யூனிட்கூட அதிகம் வாங்கமாட்டேன்.
கட்டிலில் இருந்தபடியே வீட்டுக்காரி கேட்டாள், "என் ஆக்ஸிஜன் மெஷினுக்கும் உண்டா?"
"சும்மா கிட" என்றேன்.

பிப்ரவரி 17
கம்பெனிக்கு வரி போடச் சொல்லி மனு கொடுக்க அரசு அலுவலகம் போனேன். "மிகை லாபத்துக்கு வரி" என்று எழுதினால் வாங்கிக்கொள்வாராம் எழுத்தர். "கொள்ளை லாபம்" கூடாதாம்.
"ஒரு வார்த்தைதானே பெரியவரே, மாத்திடுங்களேன்."
"அந்த ஒரு வார்த்தைக்குத்தான்யா வந்திருக்கேன்."
மூன்று மணி நேரம் நின்றேன். வாங்கவில்லை.
வீட்டுக்குள் நுழைந்தால் மெஷின் சத்தம் இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அவள் உதடு நீலம்.

பிப்ரவரி 18
ஆஸ்பத்திரி. நான் வெளியே கிளம்பியதும் தினமும் அணைத்துவிடுவாளாம். அவளே சொன்னாள். மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பு வேறு: "கம்பெனிக்கு வரி போடறதுக்கு முன்னாடி என் மூச்சுக்குப் போட்டுட்டீங்களே."
வேடிக்கையாகத்தான் சொன்னாள். வேடிக்கைதானா?
மெஷின் சுவிட்சுக்கு நான் சீட்டு ஒட்டவில்லை. ஒட்டவே இல்லை.

பிப்ரவரி 26
காலை ஆறு மணி. போய்விட்டாள்.

மார்ச் 1
மகள் என் மனுவை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டுக் கேட்டாள். "எழுதி எழுதி என்னப்பா கிழிச்சீங்க?"


மார்ச் 6
செய்ய வேண்டியவை.
கம்பெனியின் கொள்ளை லாபத்துக்கு வரி போட வேண்டியது — அரசாங்கம். அந்தப் பணத்தில், மெஷின் வைத்து மூச்சு விடுகிறவர்கள் வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்ட வேண்டியதும் அதேதான்.
"கொள்ளை" என்ற சொல்லோடு மனுவை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியது — எழுத்தர். நாளைக்கும் போவேன்.
மெஷினை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியது — மகள். என்னால் தூக்க முடியவில்லை, கனம் காரணமில்லை.
சீட்டுகளைக் கிழிக்க வேண்டியது — நான்.