திகதியை மட்டும் மாத்துங்கோ

3.3.99 புதன்
காலையிலேயே வெயில். கம்ப்யூட்டர் "இடம் இல்லை" என்று அடம். எங்கள் டைப்பிங் கடை முதலாளி மாஸ்டர் (முன்னாள் கணக்கு வாத்தியார்) பழைய கடிதங்களை அழிக்கச் சொன்னார். முடியாது என்றேன். வவுனியாவைத் தாண்ட ஆமியிடம் பாஸ் கேட்டுக் கடிதம் அடிக்க வருகிறவர்கள் யாரும் புதிதாக அடிப்பதில்லை. "போன மாதத்துக் கடிதத்தை எடுத்துத் திகதியை மட்டும் மாத்துங்கோ" என்பார்கள். அழித்தால் என்னை உரித்துவிடுவார்கள்.

மதியம் செபமாலை அக்கா. முள்ளிவாய்க்கால்காரி, இப்போது இங்கே அகதி முகாமில். கொழும்பில் மகளின் பிரசவத்துக்குப் போக மாதாமாதம் கடிதம். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது. கடிதத்தில் இன்னும் "அடுத்த வாரம் பிரசவம்". காரணத்தை மாற்றுவோமா என்று கேட்டேன்.
"வேண்டாம் பிள்ளை. காரணத்தை மாத்தினா முதலில இருந்து தொடங்குவாங்கள்."

4.3 வியாழன்
வழி கிடைத்தது! விண்டோஸ் 98இல் டிஸ்கின் அடுக்கு முறையை ஃபாட் 16இலிருந்து ஃபாட் 32 ஆக்கலாம். மாஸ்டருக்கு விளக்கம்: இப்போது ஒரு சுண்டு அரிசிக்கும் முழுச் சாக்கு. மாற்றினால் சின்னச் சின்னப் பை. இடம் மிச்சம்.
மாஸ்டர் அகராதியைப் புரட்டினார்.
"ஃபாட் எண்டாக் கொழுப்பெல்லோ? பதினாறு கொழுப்பை முப்பத்திரண்டாக்கினா எப்பிடி மெலியும்? உனக்குத்தான் பிள்ளை கொழுப்பு."
ஆபத்து இரண்டு. அ) பழையபடி திருப்ப முடியாது. ஆ) நடுவில் கரண்ட் போனால் கடிதமெல்லாம் போச்சு. ஆ-வை மாஸ்டரிடம் சொல்லவில்லை.

6.3 சனி
பிளொப்பியில் பிரதி எடுத்தேன். பன்னிரண்டில் ஐந்து பூஞ்சணம். பாதிக் கடிதங்கள் ஏறவில்லை. வேறு பிளொப்பி எந்தக் கடையிலும் இல்லை. நாளைக்குச் செய்தே தீருவது.

7.3 ஞாயிறு
காலை 9. கடை பூட்டு. மாஸ்டர் திரைக்குத் திருநீறு பூசினார். எழுத்துத் தெரியவில்லை, துடைத்தேன். தொடங்கியாயிற்று.
9.40 பல்ப் ஒருமுறை மங்கியது. "ஐயோ பிள்ளையாரே!" நான்தான்.
"ஏன், கரண்ட் போனா என்ன?"
சொன்னேன். மாஸ்டர் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். ஃபானை நிறுத்தச் சொன்னார், கரண்டை மிச்சம் பிடிக்கவாம். இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. உண்மையாகவே பயந்துபோனேன். எத்தனை பேருடைய பயணம் அந்தப் பெட்டிக்குள்.
10.15 முடிந்தது. நிறைய இடம்! மாஸ்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.
"பாரம் குறையேல்லையே."

8.3 திங்கள்
அக்கா ஓட்டமும் நடையுமாக. பாஸ் கொடுக்கும் கந்தோரில் அதே கடிதம் இன்றைக்கே இன்னொன்று வேண்டுமாம். திறந்தேன். வந்தது. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. திகதியை மட்டும் மாற்றினேன். அக்கா சிலுவை போட்டார். மாஸ்டர் திரையைக் கும்பிட்டார்.

10.3 புதன்
தூறல். பாஸ் கிடைத்துவிட்டது! காரணம்: மகளின் பிரசவம். அக்கா ஒரு கடதாசிச் சரை கருவாடு தந்தார். கண் கலங்கியது. கருவாட்டு மணம் என்று மாஸ்டரிடம் சமாளித்தேன்.
"இனிக் கடிதத்தை அழிக்கட்டோ அக்கா?"
"அழிக்காதை பிள்ளை. மகளுக்கு ரெண்டாவதும் வரப்போகுது. திகதியை மட்டும் மாத்தினாக் காணும்."