அம்மாவிடம் நீ வாங்கிய கையெழுத்து

என் அண்ணாவுக்கு,

நீ போய் நாலு வருடம் ஆகிறது. இதுவரை உனக்கு எழுதத் தோன்றியதில்லை, மனசுக்குள் பேசிக்கொள்வதே போதுமாக இருந்தது. இந்தச் செய்தியை மட்டும் அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. அம்மாவும் அப்பாவும் விவாகரத்து வாங்கிக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது, அப்பாவுக்கு அறுபத்தேழு. சண்டை கிடையாது, குடி கிடையாது, மூன்றாவது ஆள் யாரும் கிடையாது. கோர்ட் முத்திரை போட்ட காகிதம் என் பீரோவில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வேறு யாருடைய வீட்டுக் காகிதமோ என்றுதான் தோன்றுகிறது.

மாடம்பாக்கத்தில் என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே சொன்னாள். "மாலதி, நான் உங்கப்பாகிட்டேருந்து டைவர்ஸ் வாங்கிக்கலாம்னு இருக்கேன். வக்கீலப் பாத்துட்டேன். உங்கப்பாவும் சரின்னுட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.

ஒரு வருடத்துக்கு மேலாகவே அம்மா மாடியிலும் அப்பா கீழே ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் அறையிலும் தனித்தனியாக இருந்திருக்கிறார்கள். சமையல்கூட வேறு வேறு. நான் வாரம் தவறாமல் சேலையூருக்குப் போனவள். மாடியில் அம்மாவோடு சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் பார்க்கவே இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நீ இருந்திருந்தால் கவனித்திருப்பாயா?

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வேலையை விட்டு, ஒரு பழைய காரை வாங்கி டிரைவிங் ஸ்கூல் தொடங்கினார். அம்மாவுக்கு முதலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஆண்களுக்கு அப்பா, பெண்களுக்கு அம்மா என்று ஆனது. பக்கத்து சீட்டில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்காகவே மனைவியையும் மகளையும் அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி அணைந்துபோய், பின்னால் பத்து வண்டி கத்தினாலும் அம்மா பதற மாட்டாள். "அடிக்கிறவன் அடிச்சிட்டுப் போறான், நீ கிளட்ச்ச மெதுவா விடு" என்பாள். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் போனது.

பிரிவுக்குக் காரணம் அம்மா கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்த அந்த வெள்ளைக் கார். ஒரு நாள் காலை ஆறு மணி கிளாஸுக்கு அம்மா இறங்கி வந்திருக்கிறாள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு நர்ஸ் வாசலில் காத்திருக்கிறார். கார் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அப்பா அதை விற்றுவிட்டு, கியர் இல்லாத புது வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, "ஸ்கூல் வண்டிதானே, உங்கிட்ட எதுக்குக் கேக்கணும்" என்றாராம். அப்பா அதைக் கோபமாகச் சொல்லவில்லை என்றுதான் அம்மா சொன்னாள். பேப்பர் படித்துக்கொண்டே சொன்னாராம். அன்றைக்கு மாடிக்குப் போனவள், அதற்குப் பிறகு அவரோடு சேர்ந்து இருக்கவே இல்லை.

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதால் ஒரே வக்கீல். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறை, என்னைவிடச் சின்னப் பெண். ஸ்கூலை நியாயமாகப் பிரிக்க வேண்டும், காகிதங்களைக் கொண்டுவாருங்கள் என்றார். அப்பா பச்சை ஃபைலைக் கொண்டுவந்தார். அம்மாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

முதல் கூட்டுப் பத்திரத்தில் அப்பா, அம்மா இருவர் பெயரும் இருந்தன. அதன் கீழே இன்னொரு பத்திரம், நீ டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்த வருடத்தது. விஜயா, அதாவது அம்மா, தன் விருப்பப்படி கூட்டிலிருந்து விலகுகிறார், அவருடைய இடத்தில் மகன் சேருகிறார் என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவின் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி, 'அம்மா, இங்கே' என்ற இரண்டு வார்த்தை. வலது பக்கம் சாய்ந்த எழுத்து. என் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் நீதானே அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுப்பாய்? உன் கையை எனக்குத் தெரியாதா?

வக்கீல் பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நான் ரெண்டு கிளாஸுக்கு நடுவுல நின்னுட்டிருந்தேன். லோனுக்குன்னான். கார் பானட் மேல வச்சுப் போட்டுக் குடுத்தேன்," என்றாள். யாரைக் குறை சொல்லியும் இல்லை. தனக்குத் தானே ஞாபகப்படுத்திக்கொள்வது மாதிரி.

 விவாகரத்து என்று கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. நீ எப்போதும் அம்மா பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

இளவயசுக்காரன் பெயர் இருந்தால் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று ஆடிட்டர் சொன்னதாக அப்பா சொன்னார். அப்படியென்றால் அண்ணா பெயரைச் சேர்த்திருக்கலாமே, அம்மா பெயரை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். அப்பா ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அண்ணாவுக்கு முழு விஷயமும் தெரியுமா என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் அந்தப் பேப்பர வச்சுக்கிட்டு சும்மா இருந்தான். மூணாம் நாள் வாங்கிட்டு வந்து குடுத்தான்," என்றார்.

அந்த இரண்டு நாள் என்ன யோசித்தாய்? அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாயா? அல்லது பையில் வைத்தே மறந்துவிட்டாயா? அப்பாவுக்குத் தெரியவில்லை. இனி யாரைக் கேட்பது?

இடி அதோடு நிற்கவில்லை. நீ எப்போது இறந்தாய், கல்யாணம் ஆகியிருந்ததா, உயில் இருக்கிறதா என்று வக்கீல் வரிசையாகக் கேட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். மனைவியும் பிள்ளைகளும் இல்லாத மகன் உயில் எழுதாமல் போனால், அவனுடைய பங்கு சட்டப்படி அம்மாவுக்குத்தான், அம்மா இருக்கும்போது அப்பாவுக்கு இல்லை என்றார். அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலு வருடமாக முழு ஸ்கூலும் தன்னுடையது என்று இருந்த மனிதர்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள்.

"எம்புள்ள செத்ததுக்கு எனக்குப் பங்கா? அது வேணாம் மேடம். நான் வேல செஞ்ச இடம் அது. அதுக்கு என்ன உண்டோ அதக் குடுக்கச் சொல்லுங்க."

அதற்குக் காகிதம் இல்லையே, இதுதான் சுலபமான வழி என்று வக்கீல் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "காகிதம் இல்லேன்னா அவர் வாயால சொல்லட்டும்," என்றாள் அம்மா. அப்பா எழுந்து போய்விட்டார்.

 இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

"உங்கம்மா இல்லாட்டி அந்த ஸ்கூல் இல்ல. எனக்குத் தெரியும். அவ முன்னாடி சொல்ல வாய் வரல. எழுதிக் குடுக்கறேன்."

அடித்தும் திருத்தியும் ஒரு பக்கம் எழுதினார். முதல் நாளிலிருந்து ஸ்கூலில் பாதி விஜயாவுடையது, பத்திரத்திலிருந்து அவள் பெயரை எடுத்தது என் தப்பு, மகனுடைய பங்காக இல்லாமல் அவளுடையதாகவே தருகிறேன் என்று இருந்தது. வக்கீல் அதை அப்படியே உடன்படிக்கையில் சேர்த்தார்.

அம்மா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். அப்பா இதை முன்னாடியே சொல்லியிருந்தால் அவரோடு இருந்திருப்பாயா என்று கேட்டேன். "தெரியலடி," என்றாள். மனசு மாறிவிடும் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டதை அப்பா கொடுத்துவிட்டாரே. ஆனால் கோர்ட்டில், சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா என்று நீதிபதி கேட்டபோது, அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா இல்லை என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால், நீதிபதி இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது. இன்னொரு முறையும் அதையே சொன்னாள்.

நாலு காரில் ஆளுக்கு இரண்டு. ஸ்கூல் பெயரும் ஆபீஸும் அப்பாவுக்கு, பெண்கள் வகுப்பு அம்மாவுக்கு. பாதிப் பயிற்சியில் இருந்தவர்கள், யாரிடம் தொடங்கினார்களோ அவரிடமே டெஸ்ட் வரை முடித்தார்கள். அம்மா தன் பெயரில் ஸ்கூல் நடத்த லைசென்ஸ் வாங்கும்வரை அவளிடம் படித்த பெண்களின் படிவங்களில் அப்பாதான் கையெழுத்துப் போட்டார். ஒரு நாளும் தாமதம் செய்யவில்லை. இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்ன அறையில் அம்மாவின் போர்டு தொங்குகிறது. விடியற்காலையிலேயே பெண்கள் வந்துவிடுகிறார்கள். அப்பா கொஞ்சம் இளைத்திருக்கிறார். புதன்கிழமைகளில் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்.

உன் மேல் கோபமில்லையா என்று அம்மாவைக் கேட்டேன். "அவன் நீட்டினா எதுல வேணாலும் போட்டிருப்பேன்டி," என்றாள். அண்ணா, எனக்குத் தாங்க முடியாதது இதுதான்.

அடுத்த மாதம் உன் திதி. இரண்டு பேருமே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் எட்டாவது படிக்கிறாள், மாமாவைப் பற்றி அடிக்கடி கேட்கிறாள். இதுவரை நல்லதை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இனி இதையும் சொல்வேன், அந்த இரண்டு நாளையும் சேர்த்துச் சொல்வேன். உன்மேல் இருக்கிற கோபத்தை உன்னிடமிருந்து மறைக்க மாட்டேன், அதைக் காரணம் காட்டி உனக்கு இலை போடாமலும் இருக்க மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உன்னோடு பேசி முடிக்காத தங்கை,
மாலதி