மூன்றாம் காட்சியில் பரந்தன்

மூன்றாம் காட்சியில் பரந்தனை நீ எத்தனையில் வைத்திருந்தாய்?

எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். நூற்றுக்குப் பன்னிரண்டா, பதினெட்டா, இருபதைத் தாண்டியதா, சொல்ல முடியவில்லை. அந்தக் காட்சியை உன் கதிரைக்குப் பின்னால் நின்று பல தடவை பார்த்தவள் நான். ஆனால் நான் மேடையைத்தான் பார்த்தேன். உன் விரல் எந்த இடத்தில் நின்றது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. நாளை பின்னேரம் நாலு மணிக்கு அதே நாடகம், அதே மண்டபம். உன் கதிரையில் நான் இருக்கப்போகிறேன்.

இதை எழுதும்போது என் வலது கைப் பெருவிரலில் பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை. காலையில் மண்டபத்துக்குப் போய், மேடை விளக்குகளை இயக்கும் லைட் போர்ட்டின் உறையைக் கழற்றியபோது, தள்ளுகட்டைகளுக்குக் கீழே நீ ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஊத்தை படிந்த பசைக்கோடு மட்டும் இருந்தது. நம்பாமல் விரலால் தடவினேன்.

அந்தக் கறுப்புப் பெட்டியை எவரோ நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். கிளிநொச்சி மண்டபத்தின் களஞ்சியத்தில் ஒரு வருடம் பிரிக்காமலே கிடந்தது. பயிற்சிக்கென்று கொழும்புக்கு அனுப்பப்பட்டவர், பயிற்சி முடிந்த கையோடு வேறு வேலைக்குப் போய்விட்டார். நீ அப்போது புளியங்குளம் பக்கம் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தாய். நான் இங்கே நாடகமும் அரங்கியலும். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த உரிமையில் உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையேட்டை வாங்கிக்கொண்டு போனாய். மூன்று கிழமை பஸ்ஸில் போகவர வாசித்துவிட்டு வந்து சொன்னாய்:

"எடி, இது பெரிய விசயமில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு விலாசம் குடுக்கவேணும். விலாசம் இல்லாட்டில் கடிதம் எங்க போறது?"

இருபத்துநாலு கட்டைகள். மேலே தள்ளினால் விளக்கு ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். எந்தக் கட்டைக்கு எந்த விளக்கு என்பதைப் பெட்டிக்கு நாங்கள்தான் சொல்லிவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் கட்டைகளை வேண்டிய அளவில் நிறுத்திச் சேமித்துவிட்டால், நாடகம் நடக்கும்போது ஒரு பொத்தானை அழுத்த அந்த வெளிச்சம் அப்படியே வரும். அதைக் கியூ என்றாய். எனக்கு விளங்கியது. எண்கள்தான் நிற்கவில்லை. முதல் ஒத்திகையில் நீ மேடையில் நின்று "ஏழாவதை இறக்கு" என்றால் நான் ஒன்பதை இறக்கினேன். மூன்றாவது தடவை நீ படியேறி, பெட்டி இருந்த மேல்மாடத்துக்கு வந்து, உன் கைப்பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, கட்டைகளுக்குக் கீழே நீளமாக ஒட்டி எழுதத் தொடங்கினாய்.

சபைக்குக் கிட்ட இருந்த முன்விளக்கு வவுனியா. மேடைக்குள் போகப் போக ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி. கடைசியில், நடிகர்களின் முதுகுக்குப் பின்னால், பரந்தன். மாங்குளத்தில் இறங்கிக் கிழக்கே திரும்புவதுபோலப் பக்கவாட்டு விளக்குக்கு முள்ளியவளை. உன் ஊர் என்பதால் அதற்கு மட்டும் மஞ்சள் தாள் போட்டாய்.

"இனிக் குழம்பமாட்டாய். எத்தனை வருசமா இந்த றோட்டில பஸ் ஏறுறாய்," என்றாய்.

குழம்பவில்லை. ஒருமுறை ஒத்திகை பார்க்க வந்திருந்த, நடிக்கும் பிள்ளை ஒருத்தியின் தாய், "கிளிநொச்சி முழுக்க அணைச்சாச்சு" என்று நீ கத்தியதைக் கேட்டு, வீட்டுக்கு அழைப்பெடுத்துக் கரண்ட் நிற்கிறதா என்று விசாரித்தார். நீ அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

பசைக்கோட்டைக் கண்டதும் நான் மண்டப முகாமையாளரிடம் போனேன். நீ இறந்தபின் வந்தவர். மரியாதையான மனிதர்தான்; எழுந்து நின்று கதைத்தார்.

"நான்தான் உரிச்சனான் மிஸ். போன மாதம் மேலிடத்துப் பெரியவை ரெண்டு பேர் மண்டபம் பார்க்க வந்தவை. 'இதென்ன பேர் வரிசை' எண்டு கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எனக்கென்ன தெரியும்? தெற்கிலயிருந்து வடக்க ஊர் ஊராப் போகுது. அதைப் பார்த்தால் ஆக்களுக்கு வேற ஞாபகம் வருமெல்லே."

"அது பஸ் போற வழி."

"உங்களுக்கு பஸ், மிஸ். எல்லாருக்கும் அப்பிடியே?"

"உரிக்கச் சொன்னவையோ?"

"இல்லையில்லை. அவை தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டினம். நானாத்தான் யோசிச்சனான். பிளாஸ்திரியை எடுத்தும் பெட்டியின்ரை திரையில அதே பேர்கள் வந்துகொண்டு நிண்டது. அதால உள்ளுக்கும் முழுக்கத் துடைச்சு விட்டனான். இப்ப புதுசு மாதிரி இருக்குப் பாருங்கோ."

அவர் முகத்தில் பெருமை இருந்தது. விலாசங்கள், கியூக்கள், அந்த நாடகத்துக்காக நீ கடைசியாக இருந்து செய்த அத்தனையும் போய், பெட்டி புதிதாக இருந்தது.

நான் அவரிடம் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். யுத்தத்தில் அந்த ஊர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்கோ உனக்கோ எவரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்த றோட்டால் மூட்டை சுமந்து போனவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஊர்களில் இன்று பள்ளிக்கூடம் நடக்கிறது, சந்தை கூடுகிறது, பஸ் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் கொண்டக்டர் அதே வரிசையை உரத்துச் சொல்கிறார். அதே பெயர்களை ஒரு பெண் விளக்குகளுக்கு வைத்தால் குற்றமா? தடை போட்டவர் எவருமில்லை. எவரோ கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் இவர் தானே பயந்து, தானே சட்டம் போட்டு, தானே தண்டனையும் கொடுத்துவிட்டார். இந்தப் பயத்துக்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என்னையும் விட்டுவைக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகத் தொடங்கிய காலத்தில் நீ ஒரு பென் டிரைவைத் தந்தாய். "முழு நாடகமும் இதுக்குள்ள இருக்கு, பத்திரம்" என்றாய். இன்று மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து அதைக் கணினியில் செருகினேன். பதினோராம் தர வினாத்தாள்கள் இருந்தன. தவணைச் சோதனை நேரம் இடம் போதவில்லை என்று நானே அழித்திருக்கிறேன். முகாமையாளர் பயத்தில் அழித்தார். நான் கவனமில்லாமல் அழித்தேன். எது மோசம் என்று வாதாட எனக்கு விருப்பமில்லை.

உன்மேலும் கோபம் வருகிறது. ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கலாம். கேட்டேன், நீ மறுத்தாய். "எழுதி வைச்சால் கொப்பியைப் பார்த்துப் போடுவாய், மேடையைப் பார்க்கமாட்டாய்" என்றாய். அந்த நேரம் கெட்டித்தனமான பதிலாகத்தான் இருந்தது. இன்று அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வாரம் இரண்டு நாள் வவுனியாவுக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போன நீ, இருபது இலக்கங்களை ஒரு கடதாசியில் எழுதியிருக்கக் கூடாதா?

மூன்றாம் காட்சிக்காகத்தான் இவ்வளவும். காணி அனுமதிப்பத்திரத்துக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலையும் பெண்ணைப் பற்றி நான் எழுதிய நாடகம். மூன்றாம் காட்சியில் அவள் ஒரு கந்தோர் விறாந்தையில் பைலை மடியில் வைத்துக்கொண்டு நாலு நிமிடம் இருப்பாள். ஒரு வசனமும் இல்லை. நான் முன்விளக்கைக் கேட்டேன். நல்ல நடிகை, முகம் தெரியட்டும் என்றேன். நீ முன்விளக்கு எல்லாவற்றையும் இறக்கினாய். பின்னால் பரந்தன் மங்கலாக, பக்கத்தில் முள்ளியவளை ஒரு கீற்று. அவளுடைய தோளும் பைலின் விளிம்பும் மட்டும் தெரிந்தன.

"முகம் எங்கையடி?" என்று கேட்டேன்.

"அந்தக் கந்தோரில ஒருத்தரும் அவளின்ரை முகத்தைப் பார்க்கேல்லை. சபையில இருக்கிறவை மட்டும் ஏன் பார்க்கவேணும்? பார்க்க ஏலாமல் இருந்து ஏங்கட்டும்."

முதல் மேடையேற்றத்தில் சபை கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தது. நான் எழுதாத வசனத்தை நீ எழுதியிருந்தாய். பரந்தன் கூடினால் முகம் தெரிந்துவிடும். குறைந்தால் ஆளே இல்லாமல் போய்விடும். அந்த இலக்கம்தான் என்னிடம் இல்லை.

பின்னேரம் நானாவைக் கூப்பிட்டேன். முல்லைத்தீவில் ஒலி, ஒளிச் சாமான்கள் வாடகைக்குக் கொடுக்கும் முஸ்லிம் அண்ணன். ஏணியில் ஏறி விளக்குத் திருப்ப நீ நம்பிய ஒரே ஆள். விசயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் உள்ள சின்னத் திரையில் அதன் விலாச எண் தெரியும். அவர் ஏணியில் நின்று வாசிக்க, நான் பெட்டியில் பதிந்தேன்.

"டீச்சர், இப்ப நான் எங்க நிக்கிறன்?"

"கனகராயன்குளம்."

"முறிகண்டி வந்தால் சொல்லுங்கோ, இறங்கிக் கச்சான் கடலை வாங்கவேணும்."

"முறிகண்டிக்கு முதல் மாங்குளம் இருக்கு நானா."

"ஐயோ மாங்குளமே வேண்டாம். 'மாங்குளத்தில நில்லுங்கோ நானா, இந்தா வாறன்' எண்டு சொல்லிப்போட்டு உங்கட சினேகிதி தேத்தண்ணி குடிக்கப் போனவா. அரை மணித்தியாலம் ஏணியில நிண்டனான். வந்து பார்த்திட்டு, 'இன்னும் பஸ் வரேல்லையோ' எண்டு கேக்கிறா."

நான் சிரித்தேன். நீ போனபின் அந்த மண்டபத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

விலாசங்கள் சரிவந்தன. கியூக்களில் பலதை நினைவிலிருந்து மீட்டோம். நான் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தபோது முகாமையாளர் படியேறி வந்தார்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. பெட்டியில ஒண்டும் ஒட்டவேண்டாம். நாளைக்குப் பிரதம விருந்தினர் வாறார், மேல வந்தும் பார்ப்பார்."

"பேர் இல்லாமல் எப்பிடி ஓட்டுறது?"

"நம்பர் போடலாமே. இல்லாட்டில் ஒண்டும் வேண்டாம். இன்னொண்டு, இருட்டுச் சீன் ஒண்டு இருக்காமே? வீடியோவில ஒண்டும் விழாதாம். வெளிச்சத்தைக் கூட்டி விடுங்கோ."

சுருளைக் கைப்பைக்குள் போட்டேன். எண்களை ஒட்டவில்லை. பெயரில்லாமலே ஓட்டுகிறேன் என்றேன். மூன்றாம் காட்சிக்கு நடிகையை வரச்சொல்லி மேடையில் இருத்தி, பரந்தனைப் பதினைந்தில் வைத்துப் பார்த்தேன். முகம் தெரிந்தது. பதினொன்றில் ஆள் மறைந்தாள். பதின்மூன்றில் சேமித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அது உன்னுடைய இலக்கம் என்று நான் சொல்லமாட்டேன்.

*

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிரதம விருந்தினர் ஐம்பது நிமிடம் பிந்தி வந்தார். நானா கடைசிக் காட்சிக்கென்று புகை மெசின் ஒன்றைக் கொண்டுவந்து காலையில் ஒரு கட்டையோடு இணைத்திருந்தார். முதல் காட்சியில் நான் பொத்தானைப் பிந்தி அழுத்தினேன். மகனாக நடித்த பெண்பிள்ளை இருட்டில் இரண்டு வரி பேசினாள். இரண்டாம் காட்சி பிழையில்லாமல் போனது.

மூன்றாம் காட்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முகாமையாளர் மேலே ஓடி வந்தார். வியர்த்திருந்தது.

"மிஸ், ஒண்டும் தெரியேல்லை. விருந்தினர் கேக்கிறார் கரண்டில பிழையோ எண்டு. முன் லைட்டைப் போடுங்கோ."

"இந்தக் காட்சி இப்பிடித்தான்."

"போடுங்கோ மிஸ். நான் சொல்றன்." என் தோளுக்கு மேலால் கையை நீட்டினார். நீட்டிய கை நின்றது. இருபத்துநாலு கட்டைகள் ஒரே மாதிரி இருந்தன. "எது முன் லைட்?"

"பேர் இருந்தால் காட்டியிருப்பன்," என்றேன். "அதில ஒண்டு புகை மெசின். முன் வரிசைக்கு நேர நிக்குது. எது எண்டு பார்த்துத் தள்ளுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார். கையை மெல்ல எடுத்துக்கொண்டார். கீழே சபையில் எவரோ கதிரையை இழுத்து முன்னுக்குப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. வீடியோக்காரர் திரும்பி எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். மேடையில் அவள் அசையாமல் இருந்தாள். தோளும் பைலின் விளிம்பும் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

முகாமையாளர் போகவில்லை. என் கதிரைக்குப் பின்னால் நின்று, அவரும் மேடையைப் பார்த்தார். நாலு நிமிடம் முடிந்ததும் நான் அடுத்த கியூவை அழுத்தினேன்.