நீ எழுந்து நிற்கவில்லை

இன்று காலை கம்பெனி கேட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே நுழையும்போது வாசனை தொண்டை வரை இறங்கியது. பக்கத்தில் வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. எனக்கு அது அவனைத் தேடிப் பிடித்த நாளின் வாசனை. அந்தக் கதையை உனக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

நீ போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. உன் மெஷினில் இப்போது பேரணாம்பட்டுப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். நன்றாகத்தான் தைக்கிறாள். ஆனால் ஊசி உடைந்தால் உன்னைப் போலத் தானாகக் கையைத் தூக்குவதில்லை. உடைந்த ஊசியில் ஒரு துண்டு குறைந்தாலும் நீ லைனையே நிறுத்திவிடுவாய். சூப்பர்வைசர் எவ்வளவு பேஜார் பண்ணினாலும், "கொழந்தைங்க போடுற ஷூ சார், கால்ல குத்தும்" என்பாய். நொய்யரிசி அளவு துண்டைக் காந்தத்தில் ஒட்டி எடுத்துக் காட்டிய பிறகுதான் பெடலில் கால் வைப்பாய். நான் எதிரே செக்கிங் மேசையில் உட்கார்ந்து சிரிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொருட்காட்சிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனவளும் நான்தான். பைபாஸ் பக்கத்துக் காலி மைதானம், சாயங்காலம் நாலு மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. மாடியிலிருந்து கீழே பார்த்தாலே உனக்குத் தலை சுற்றும். கீழேயே நிற்கிறேன் என்றாய். நான் விடவில்லை. ராட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தவன் அதன் முதலாளியேதான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். நம் மடிக்கு மேல் குறுக்குக் கம்பியை இறக்கினான். அதைப் பூட்டும் ஆணி இருக்க வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். முதலில் பார்த்தவள் நீ.

"இன்னா இது, கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாய்.

"ஒண்ணும் ஆவாதும்மா. ரெண்டு வருசமா அப்டித்தான் ஓடுது."

நீ என் முகத்தைப் பார்த்தாய். நாள் முழுக்க அடுத்தவர் தையலில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு நூல் பிசிறினாலும் ரிஜெக்ட் பெட்டியில் போடுகிறவள். "உக்காருடி, ஊரே ஏறுது" என்றேன். உன் போனை என் பையில் போடச் சொன்னாய். இரண்டு கைகளாலும் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டாய்.

மூன்றாவது சுற்றில், உச்சியிலிருந்து இறங்கும்போது ராட்டினம் ஒரு வெட்டு வெட்டியது. கட்டுக்கம்பி அறுந்து குறுக்குக் கம்பி திறந்துகொண்டது. நான் உன் கையைப் பிடித்தேன். பிடி நிற்கவில்லை. என் மணிக்கட்டு இருக்கையின் விளிம்பில் மாட்டி உடைந்தது. நீ போய்விட்டாய்.

வேலூர் ஆஸ்பத்திரியில் என் கைக்குப் பிளேட் வைத்துக்கொண்டிருந்தபோது அவன் போலீசில் சொல்லிவிட்டான், செல்ஃபி எடுக்க நீ எழுந்து நின்றாய் என்று. அப்படியே எழுதியும்விட்டார்கள். ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நான்காம் நாள் கட்டோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா அழவில்லை. "ஏம்மா அவ எழுந்து நின்னா? நீயாவது சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

உன் போன் என் பையில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். விசாரணை முடிந்துவிட்டது என்றார்கள். அதிர்ச்சியில் எனக்கு எதுவும் சரியாக நினைவிருக்காது என்றும் சொன்னார்கள். தெருவில் உனக்குச் செல்ஃபி பைத்தியம் என்று பேர் வைத்தார்கள். யார் கல்யாணத்தில் போட்டோ எடுத்தாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றவள் நீ.

நியாயம் வேண்டும் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம் எதற்குப் பொய்? அவன் அழிய வேண்டும், அதை நான் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினேன். குடியாத்தம், கணியம்பாடி, எங்கே திருவிழா, எங்கே பொருட்காட்சி என்று கேட்டுக் கேட்டுப் போனேன். ஒவ்வொரு ராட்டினத்தின் கீழும் நின்று ஏற்றிவிடுகிறவனின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஆற்காட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் அவன் கிடைத்தான். பொருட்காட்சியின் பேரை மாற்றியிருந்தான். சிவப்பாக இருந்த இருக்கைகளுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தான். பெயின்ட் இன்னும் காயவில்லை. ஆட்டம் தொடங்காத நேரம். வீட்டுச் சாவியால் ஓர் இருக்கையின் அடியில் சுரண்டினேன். உள்ளே சிவப்பு. நான்கு இருக்கைகளில் ஆணிக்குப் பதில் அதே கட்டுக்கம்பி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான், அடையாளம் தெரியவில்லை. டிக்கெட் அந்தப் பக்கம் என்று கை காட்டினான்.

மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்தில் மனுவோடு போட்டோக்களையும் கொடுத்தேன். மத்தியானமே ஒரு பெண் இன்ஜினியர் மைதானத்துக்கு வந்தார். அவன் சான்றிதழை நீட்டினான். அவர் அதைப் படித்துவிட்டு, இந்தக் கட்டுக்கம்பி எதற்கு என்று கேட்டார். அது சும்மா சப்போர்ட்டுக்கு, ராட்டினம் கெட்டியாகத்தான் இருக்கிறது என்றான்.

"அப்போ அவரையே உக்காரச் சொல்லுங்க மேடம்," என்றேன். "ஒரே ஒரு சுத்து."

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்திருந்தது. இன்ஜினியர் அவனைப் பார்த்தார். அவன் இருக்கைப் பக்கம் இரண்டு அடி வைத்தான். குறுக்குக் கம்பியைத் தொட்டான், கையை எடுத்துக்கொண்டான். தனக்கு பிபி இருக்கிறது என்றான். யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் அவன் என் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தான், பிறகு என் முகத்தை. அவன் நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. அந்த முகத்தை நினைத்துக்கொண்டே பல நாள் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறேன்.

அன்றைக்கே ராட்டினத்துக்குச் சீல் வைத்தார்கள். உன் வழக்கை மறுபடி எடுத்தார்கள். நான் சாட்சி சொல்ல வேண்டிய வாய்தாவுக்கு முந்தின வாரம் அவன் என்னைத் தேடி வந்தான். பிழைப்பு போய்விட்டது, தனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அழுதான். முதலில் அவளுடைய அம்மாவிடம் வந்து உண்மையைச் சொல் என்றேன்.

வந்தான். உன் வீட்டு வாசற்படியில் நின்றான். உட்காரச் சொல்ல நான் விடவில்லை.

"உங்க பொண்ணு எழுந்து நிக்கலம்மா. கம்பிதான் அறுந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

உன் அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தார். எனக்கு அதைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. தெருமுனை வரை அவன் கூடவே நடந்தேன். இனிமேல் சாட்சி சொல்ல மாட்டாய்தானே என்று கேட்டான்.

"சொல்லச் சொன்னேன். விட்டுடறேன்னு சொல்லலியே."

அவன் உன் வீட்டு வாசலில் சொன்னதையும் சேர்த்தே கோர்ட்டில் சொன்னேன். அவன் வக்கீல் எழுந்தார். கட்டுக்கம்பியை நானும் பார்த்தேன் அல்லவா, பிறகு ஏன் ஏறினேன் என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. "பாத்தேன் சார். அவளை உக்காரச் சொன்னதே நான்தான். அதையும் எழுதிக்குங்க" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். உன் அம்மா பின் பெஞ்சில் இருந்தார். வெளியே வந்ததும் என் புடவை முந்தானையைச் சரிசெய்துவிட்டார்.

அவனுக்குச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். அப்பீல் போட்டு ஜாமீனில் வெளியே வந்திருக்கிறான். நன்றாக இளைத்துவிட்டான் என்கிறார்கள். போதும்மா, விட்டுடு என்கிறார் உன் அம்மா. நீ இருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். ஒரு தடவை உன் பேச்சைக் கேட்காமல் உன்னைக் கொன்றேன். இந்தத் தடவையும் கேட்கப்போவதில்லை.

உன்னைப் பற்றி என்னிடம் மிச்சமிருப்பதில் பெரியது இந்தக் கோபம்தான். வருடம் போகப் போகக் கம்மியாகும் என்றார்கள். ஆகவில்லை, ஆக நான் விடவுமில்லை. வியாழக்கிழமை வேலூரில் அப்பீல் வருகிறது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கோர்ட் திறப்பதற்கு முன்பே போய்விடுவேன், அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார.