பகா எண்ணில் நீ கண்ட பூஜ்யம்

என் செல்ல அக்கா,

செம்மண்டலத்தில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் முந்திக்கொண்டு வருகிறது.

நேற்று பாப்பா போனைத் தூக்கிக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள். "அம்மா, கேம் மாட்டிக்கிச்சு. எவ்ளோ ஆடுனாலும் பாயின்ட் ஏற மாட்டேங்குது." திரையில் 2147483647. நம்முடைய எண், அக்கா! கம்ப்யூட்டர் ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடத்தில் அதற்கு மேல் கொள்ளாதாம்.

"நம்பர் ரொம்பிடுச்சு, அவ்ளோதான். அதுக்கு நீ ஏன் அழுவுற?" என்று என்னைக் கேட்டார் என் வீட்டுக்காரர். அவரிடம் என்னவென்று சொல்வது?

சிதம்பரத்தில் கணிதம் படித்த காலத்தில் நமக்குப் பிடித்துப்போன எண். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. அது பகா எண், எதனாலும் வகுபடாது என்று உலகம் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. ஆனாலும் நம் கையால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று நமக்கு ஒரு வெறி. குழந்தைகள் பிறந்த பிறகுதான் தொடங்கினோம். மூளை துருப்பிடிக்கக் கூடாது என்றாய்.

அதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், 248-ஆல் வகுக்கும்போது அது 1 அல்லது 63 மீதி தர வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலமான 46,340-ஐத் தாண்டிப் போகவும் வேண்டாம். அப்படிச் சலித்ததில் மிஞ்சியவை எண்பத்து நாலே எண்கள். 1 தருபவை உனக்கு, 63 தருபவை எனக்கு. என் பங்கில் 311 தொடங்கி எதுவும் வகுக்கவில்லை.

அப்போதுதான் நீ போன் செய்தாய். "ஏண்டி, ஒரு நம்பர்ல மீதியே வரலடி! பூஜ்யம்!"

"லூசாக்கா நீ? எங்கியாவது கடன் வாங்க மறந்திருப்ப."

"போடி இவளே. ரெண்டு தடவை போட்டுட்டேன். எந்த நம்பர்னு சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கெழம வரேன்ல, அப்ப காட்டுறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் சிதம்பரம் வந்தேன், மாலையோடு.

எந்த எண் அக்கா அது? காலண்டர் தாள்களின் பின்பக்கம்தானே போடுவாய்? மாமாவிடம் கேட்டேன். "அந்தக் கிறுக்கலா? கருமாதிக்கு வூடு கழுவுனப்ப எல்லாத்தையும் கொளுத்திட்டாங்களேம்மா" என்றார் பாவம். அவரிடம் எரிந்து விழுந்துவிட்டு வந்தேன்.

போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலோடுதான் கணக்குப் போட்டாயா? உன் குரலில் அது எனக்கு ஏன் தெரியவில்லை? இப்போதெல்லாம் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். "ஒண்ணுமில்லம்மா, வுடு" என்று திட்டுகிறாள்.

இன்று உன் பங்கைக் கையில் எடுத்தேன். முதல் எண் 1489. மீதி 199. நீ சொன்னது இது இல்லை.

கம்ப்யூட்டரைக் கேட்க மாட்டேன். எந்த எண்ணும் வகுக்காது என்று அது சொல்லும். நீ எங்கே சறுக்கினாய் என்று அதற்கு எப்படித் தெரியும்?

உன் எண்களில் ஒன்றைக்கூட விட மாட்டேன், அக்கா. பூஜ்யம் வராது என்று தெரிந்தேதான் வகுக்கப் போகிறேன். எங்காவது நீ சறுக்கிய இடத்திலேயே நானும் சறுக்கி, பூஜ்யம் வந்து நின்றால், அதை உடனே அடிக்க மாட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னும் உன்னோடு சண்டை தீராத
உன் தங்கச்சி