ஸ்தோத்திரமுங்க

பொள்ளாச்சி
11.7.1994

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். மச்சானும் பாப்பாவும் சுகமா? நீ கடிதம் போட்டு இரண்டு மாதமாகிறது, தங்கச்சி ஞாபகமே போய்விட்டதாக்கும்.

நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை இல்லாமல் அந்த இடத்தை வைத்து என்ன செய்ய? மச்சான் வாங்கித் தந்த மிஷன் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அவர்கள் சபைப் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம். மீதி அரசாங்க உதவித்தொகைதான். அதற்கு எஸ்.சி. சான்றிதழ் வேண்டும்; கிறிஸ்தவர் என்று தெரிந்தால் தரமாட்டார்கள். பள்ளிக்கூடப் பதிவில் நீ ராசாத்தாள், நான் இளவேனில், இரண்டு பேரும் இந்து. அதை வைத்து எழுதிப் போட்டேன்.

போன வாரம் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். வசனக் காலண்டரை முன்னாடியே எடுத்து ஒளித்துவிட்டோம். கேட்டதற்கெல்லாம் அம்மா சரியாகத்தான் சொன்னாள். அவர் எழுந்து செருப்பு மாட்டும்போது கைகூப்பி, "ஸ்தோத்திரமுங்க" என்றுவிட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். மனு தள்ளுபடி என்று இன்று தபால் வந்தது. அலைந்து அலைந்து அலுத்துப் போச்சு அக்கா. அம்மாவோடு நான் பேசுவதில்லை.

சாரா

துடியலூர்
19.7.1994

சாரா கண்ணு,

ஸ்தோத்திரம். பாப்பாவுக்குச் சளி, எனக்கு மில்லில் ஓவர்டைம், மச்சானுக்கு ஊழியம். எப்போது எழுதுவது?

அம்மாவைக் கோபிக்காதே. தோட்டத்து வேலைக்குப் போன காலத்தில் குனிந்து, "சாமி, கும்புடறனுங்க" என்று சொல்லித்தான் யார் முன்னாலும் நிற்பாள். ஞானஸ்நானம் எடுத்த பிறகுதான் அதை விட்டாள். நிமிர்ந்து நின்று சொல்ல அவளுக்கு இருப்பது இந்த ஒரு வணக்கம்தான். வீடு தேடி அதிகாரி வந்திருக்கிறார், தன்னிடம் இருந்ததிலேயே பெரிய மரியாதையைக் கொடுத்துவிட்டாள்.

வேறு உதவித்தொகை கேட்டு நானும் இங்கே இரண்டு இடம் ஏறி இறங்கினேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். தாசில்தாரிடம் மறுபடி மனு கொடுக்கலாமாம், ஆனால் அம்மா நேரில் போய், நாங்கள் இந்துதான் என்று சொல்ல வேண்டும். போ என்று சொல்ல எனக்கு மனசில்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஜெபராணி

கோயம்புத்தூர்
29.8.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேர்ந்துவிட்டேன். ஹாஸ்டலிலிருந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் அவளே கிளம்பினாள், நெற்றி நிறையத் திருநீறு. தாசில்தார் அறை வாசலில் குனிந்து, "சாமி, கும்புடறனுங்க" என்றாள். உடம்புக்கு முடியாமல் கொஞ்ச நாள் சர்ச்சுக்குப் போனேன், இப்போது போவதில்லை என்று சொன்னாள். சான்றிதழ் கிடைத்தது. பஸ்ஸில் எனக்கு அழுகையாக வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் வீட்டிலேயே படுத்திருக்கிறாள். கூப்பிட்டால், "அப்படிச் சொல்லிப்போட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது கண்ணு" என்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரு சீனியர் பெண்ணைப் பார்க்க, சர்ச்சில் உபதேசியாராக இருக்கும் அவள் அண்ணன் வந்து போனாராம். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டு அவளுக்கு உதவித்தொகை நின்றுவிட்டது. ஹாஸ்டலுக்கு வரும் கடிதங்களையும் பிரித்துப் பார்த்துத்தான் தருகிறார்கள். அதனால் ஸ்தோத்திரம் போட்டு எழுத வேண்டாம் அக்கா. மச்சானும் நீயும் பார்க்க வரவும் வேண்டாம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இளவேனில்

துடியலூர்
8.9.1994

அன்புள்ள இளவேனிலுக்கு,

முன்பு உங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ராசாத்தாள் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம், கொஞ்சம் அசதிதான். நீ நர்சிங் சேர்ந்த செய்தி கேட்டுச் சந்தோஷம். வந்து பார்க்க ஆசை இருக்கிறது. வேலை அதிகம், படிப்பு முடிகிற வரைக்கும் வர முடியாது. அதற்காக வருத்தப்படாதே, எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

உன் அம்மாவைக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறேன். அந்தக் கவலையை விடு. நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லையே என்று நினைக்காதே. என்னை உன் அக்கா மாதிரி நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
ராசாத்தாள்